கொசுவுக்கு நாட்டு மருந்துக் கடைச் சரக்கு: மனுசருக்கு எது, மாட்டுக்கு எது, பூனைக்கு எது ஆகாது

திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடை. கொசுவுக்கென்று அங்கே வாங்கிய சரக்குகளை மழைக்கால நெல் போகமான இந்தப் பிசான சாகுபடி நேரம் முழுக்க வீட்டில் பயன்படுத்தினோம். எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்று விவரமாக எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. இதே சரக்கு பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் கிடைக்கும். பார்த்து வாங்கினால் போதும்.

எங்கள் வீடு மேலப்பாளையத்தைத் தாண்டி, பாளையங்கால்வாய்ப் பாசன வயலை ஒட்டி இருக்கிறது. நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் சாயங்காலம் தார்சாவில் (வீட்டு முன்கூடத்தில்) உட்கார முடியாது. வீட்டில் மூச்சிழுப்பு உள்ள மாமியார், தவழ்கிற பேத்தி, செவலை நிறத்தில் ஒரு நாட்டு நாய், மடியை விட்டு இறங்காத ஒரு பூனை, தொழுவில் ஒரு பசுவும் கன்றும். கொசு எல்லாரையும் கடிக்கிறது. ஆனால் எல்லாருக்கும் ஒரே மருந்தைப் பூச முடியாது. இதைத்தான் இந்தக் கடைக்காரர் எனக்கு முதலில் புரியவைத்தார்.

முதல் தடவை போனபோது “கொசுவுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி?” என்று கேட்டேன். அவர் அலமாரிப் பக்கமே திரும்பவில்லை. “வீட்டுல யாரெல்லாம் இருக்காவ, என்னென்ன வளக்கிய?” என்று கேட்டார். பூனை என்றதும், எடுத்து வைக்கப்போன புல்தைல (எலுமிச்சைப்புல் எண்ணெய்) சீசாவைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். “இதைப் பூனை மேல படவிடாதிய யக்கா. நக்கிச்சுன்னா தாங்காது.” விற்க வந்த சரக்கை வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரர் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. நான் அந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போவதற்கு அதுதான் காரணம்.

முதலில் மூட்டப் பொடி, அதாவது கங்கில் தூவிப் புகை போடுகிற பொடி. நொச்சி, வேப்பிலை, தும்பை, ஓமம், குங்கிலியம் எல்லாம் ஒன்றிரண்டாக இடித்துக் கலந்தது. நூறு கிராம் அறுபது ரூபாய்க்குத் தருகிறார். கையில் எடுத்தால் இலைத் துணுக்கு தனியாக, பிசின் துண்டு தனியாகத் தெரியும். அப்படித் தெரிந்தால்தான் வாங்க வேண்டும். மாவாக அரைத்து, ஒரே பழுப்பு நிறத்தில், சென்ட் வாசம் அடிக்கிற பொடியில் என்ன சேர்ந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டிச் சாம்பிராணியையும் இப்படிப் பார்த்தே வாங்கலாம். கேட்டால் ஒரு துண்டைக் கங்கில் போட்டுக் காட்டுகிறார். நல்லது இளகி, நுரைத்து, வெள்ளைப் புகையாக எழும்பும். கலப்படச் சரக்கு கரும்புகை விட்டுக் கண்ணை எரிக்கும்.

இந்தப் பொடி தொழுவுக்கு அருமையான சரக்கு. ஓட்டைச் சட்டியில் வரட்டியைப் போட்டுப் பற்றவைத்து, தீ அடங்கி ஓரம் சாம்பல் பூத்ததும் ஒரு பிடி பொடியைத் தூவ வேண்டும். எரிகிற தீயில் போட்டால் பொடி பொசுங்கிப் போகுமே தவிர மூட்டம் நிற்காது. சட்டியைக் காற்று வருகிற பக்கம், கன்று எட்டாத தூரத்தில் வைப்பேன். காற்று அடங்கின சாயங்காலத்தில் புகை மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து மாட்டின் வயிற்றடிக்கு வரும். மாட்டுக்கு அந்த இடத்தில்தான் கடி அதிகம். அங்கே தோல் மெல்லிசு, வாலும் சரியாக எட்டாது. மூட்டம் பிடித்துக் கொஞ்ச நேரத்தில் பசு காலை உதறுவதை நிறுத்தும். வால் வீச்சு குறையும். அப்புறம் படுத்து அசைபோட ஆரம்பிக்கும். இதை நான் தினமும் பார்க்கிறேன். மூன்று நாள் காய்ச்சல், தோல் கழலை நோய் எல்லாம் கடிக்கிற பூச்சிகள் வழியாகத்தான் மாட்டுக்கு வருகின்றன. அதனால் தொழுவில் மூட்டம் போடுவது வீண் செலவு இல்லை. வைக்கோல் படப்புப் பக்கத்தில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் சட்டியை வைக்காதீர்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். புகை இருக்கிற வரைதான் அதன் வேலை. சட்டி அணைந்து கொஞ்ச நேரம் கழிந்தால் கொசு திரும்ப வந்துவிடும். இந்தப் பொடியிலிருக்கிற நொச்சிக்காகத் தனியாகக் காசு கொடுக்கவும் வேண்டியதில்லை. வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பிலும் நம் ஊரில் நொச்சி தானாக வளர்ந்து கிடக்கிறது. ஒடித்துவந்து ஒருநாள் நிழலில் வாடவிட்டுக் கங்கில் போட்டால் கடைப் பொடிக்குக் கொஞ்சமும் குறைவில்லை. கடையில் குங்கிலியமும் ஓமமும் மட்டும் வாங்கினால் பாதிச் செலவு மிச்சம். இதைக் கடைக்காரரிடமே சொன்னேன். “அதான் சரி” என்றார்.

இதே பொடியை வீட்டுக்குள் போடலாமா? எங்கள் வீட்டில் கூடாது என்று முடிவாகிவிட்டது. தார்சாவில் ஒருநாள் தூபக்காலில் போட்டதும் அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏளா, இதைத் தொழுவுல கொண்டு வையி, எனக்கு நெஞ்சை அடைக்கி” என்றார்கள். நொச்சிப் புகையானாலும் வேப்பிலைப் புகையானாலும் நுரையீரலுக்குப் புகைதான். இழுப்பு உள்ளவர்கள், கைக்குழந்தை, கூண்டில் லவ் பேர்ட்ஸ், இவர்களெல்லாம் இருக்கிற வீட்டில் அடைத்த அறைக்குள் மூட்டம் வேண்டவே வேண்டாம். பறவையின் நுரையீரல் புகையை நம் அளவுக்குக்கூடத் தாங்காது.

அடுத்தது வேப்பெண்ணெய். செக்கில் ஆட்டியது, அரை லிட்டர் பாட்டில். நிறம் கெட்டியான பழுப்பு. மூடியைத் திறந்ததும் பூண்டும் கசப்பும் சேர்ந்த மாதிரி ஒரு நெடி வரும். நெடி இல்லாமல் தெளிவாக இருந்தால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். இதை அப்படியே உடம்பில் பூசத் தேவையில்லை. நூறு மில்லி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு மில்லி போதும். 1993-இல் நம் நாட்டு மலேரியா ஆய்வாளர்கள் இதே 2 சதவீதக் கலவையைத் தன்னார்வலர்களுக்குத் தடவிப் பார்த்து, மலேரியாவைப் பரப்புகிற அனாபிலஸ் கொசு 12 மணி நேரம் கடிக்கவில்லை என்று வெளியிட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்குச் சாயங்காலம் வருவது பெரும்பாலும் சாக்கடையிலும் வயல் தண்ணீரிலும் பெருகுகிற கியூலக்ஸ் வகைக் கொசு. அதற்கு இந்தக் கலவை எங்களுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. கணுக்காலிலும் பாதத்திலும் தடவிக்கொண்டு வயலுக்குப் போனால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வியர்த்துவிட்டால் திரும்பத் தடவ வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேப்பெண்ணெய்ப் பாட்டிலை உயரத்தில் வையுங்கள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து என்று குழந்தைக்கு ஒரு பாலாடை புகட்டுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது மூளையையும் கல்லீரலையும் தாக்கி உயிரையே எடுக்கக்கூடிய காரியம். எங்கள் பேத்திக்கு நான் எந்த எண்ணெயும் தடவவில்லை. அவளுக்கு வலை மட்டும்தான்.

புல்தைலம் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வருகிறது. சின்னச் சீசாதான், ஆனால் வாசம் வீடு முழுக்க நிற்கும். தேங்காய் எண்ணெயில் சில சொட்டு விட்டுக் கையில் தடவினால் கொசு உட்காராது. ஆனால் ஒரு மணி நேரம் தாண்டுவது கஷ்டம். காற்றில் பறக்கிற எண்ணெய்தானே. கலக்காமல் பூசினால் தோல் எரியும். நீலகிரித் தைலமும் (யூகலிப்டஸ் எண்ணெய்) அப்படித்தான். இந்த இடத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. வெளிநாட்டு மருத்துவர்கள் கொசுவுக்குப் பரிந்துரைக்கிற யூகலிப்டஸ் வேறு மரம், எலுமிச்சை வாசம் வருகிற வகை. அதன் எண்ணெயைப் பக்குவப்படுத்தித்தான் நீண்ட நேரம் நிற்கிற விரட்டியாக ஆக்குகிறார்கள். அதையும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பூசக் கூடாது என்கிறார்கள். நம் வீட்டுச் சளித் தைலத்தை நம்பிப் பிள்ளையை வயல்காட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள்.

சரி, நாய்க்கும் பூனைக்கும் வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இவர்களுக்காகத்தான்.

நாயைக் கொசு கடிக்கிற இடம் மூக்கு நுனி, காது மடல், வயிற்றடி. எங்கள் செவலைக்குக் காது மடல் உள்பக்கம் சிவந்து தடித்துப் போகும். நாய் தன் உடம்பை நக்கும். பூனை நாள் முழுக்க நக்கும். நாம் அவற்றின் மேல் எதைப் பூசினாலும் அது வயிற்றுக்குள் போகும் என்று நினைத்துத்தான் பூச வேண்டும். நாய்க்கு அந்த 2 சதவீத வேப்பெண்ணெய்க் கலவையைக் காது மடலின் வெளிப்பக்கம் மட்டும் மெல்லிசாகத் தடவுகிறேன், அதுவும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான். காதுத் துவாரத்துக்குள் ஒரு சொட்டும் விடுவதில்லை. புல்தைலம், நீலகிரித் தைலம், டீ ட்ரீ எண்ணெய், கற்பூரம் எதுவும் அதன் மேல் படாது.

பூனைக்கு நான் எதுவுமே பூசுவதில்லை. வேப்பெண்ணெய் கூட இல்லை. நமக்கும் நாய்க்கும் கல்லீரல் சுலபமாக உடைத்து வெளியேற்றுகிற பல பொருட்களைப் பூனையின் கல்லீரலால் உடைக்க முடியாது. வாசனை எண்ணெய்கள் அதில் முக்கியமானவை. எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, நடுங்குவது என்று ஆரம்பிக்கும். இன்னொன்று, நாய்க்கு உண்ணிக்காக விற்கிற சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அது நாய்க்குச் சரி, பூனைக்கு விஷம். இரண்டும் ஒன்றாகப் படுக்கிற வீட்டில் நாய்க்கு அதைப் பூசுவதற்கு முன்னால் மருத்துவரிடம் பூனை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

பூண்டைச் சோற்றில் பிசைந்து போட்டால் நாயைக் கொசு அண்டாது என்று பலரும் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பூண்டும் வெங்காயமும் நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கொசுவும் அதனால் போகாது.

கொசுக்கடி நாய்க்கு வெறும் அரிப்போடு போவதில்லை. கொசு வழியாக ஒரு வகைப் புழு நாயின் இதயத்திலும் நுரையீரல் ரத்தக் குழாயிலும் வளரும். அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு புழு தோலுக்கு அடியில் வளரும். தென்னிந்தியாவில் நாய்களிடம் அது பரவலாக இருக்கிறது. அபூர்வமாக மனிதர் கண்ணில்கூட வந்து எடுத்திருக்கிறார்கள். இதற்கு எந்த மூலிகையும் காவல் இல்லை. மருத்துவர் எடை பார்த்து எழுதிக் கொடுக்கிற தடுப்பு மருந்துதான் வழி. நாங்கள் இராமையன்பட்டியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போகிறோம். ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் மருந்து. நாட்டு நாய்தானே, எல்லாம் தாங்கும் என்று விட்டுவிடாதீர்கள். கன்னி, சிப்பிப்பாறை மாதிரி முடி குட்டையான நம் பக்கத்து நாய்களுக்குக் கொசு தோலைத் தொட எந்தத் தடையும் இல்லை.

இன்னொரு சரக்கைப் பற்றி எச்சரிக்க வேண்டும். இந்தக் கடையில் இல்லை, வேறோர் இடத்தில் வாங்கியது. அட்டையில் வேப்பிலைப் படம் போட்டு, ‘முழுக்க இயற்கை’ என்று எழுதிய கொசு ஊதுபத்தி. கொளுத்திய கொஞ்ச நேரத்தில் கொசு பொத்துப் பொத்தென்று தரையில் விழுந்தது. இலையும் தழையும் கொசுவை விரட்டும்; இப்படி அடித்துப் போடாது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை, பதிவு எண்ணும் இல்லை. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி கொசுவைக் கொல்கிற எந்தப் பொருளுக்கும் பதிவு இருக்க வேண்டும், அந்த எண் அட்டையில் இருக்க வேண்டும். மூலிகை என்ற பெயரில், பதிவில்லாத ரசாயனம் தோய்த்த பத்திகள் சந்தையில் உலவுகின்றன. எண் இல்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அறைக்குள் பூனையையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு பெயர் தெரியாத புகையை ஏன் விட வேண்டும்?

கற்பூரத்தைக் கிண்ணத் தண்ணீரில் போட்டு மூலையில் வைப்பதற்கும் என்னிடம் ஆதரவு இல்லை. அதனால் கொசு குறைந்ததாக எங்கள் வீட்டில் தெரியவில்லை. தவழ்கிற பிள்ளை அதில் ஒரு வில்லையை விழுங்கினால் வலிப்பு வரும். நாய்க்கும் அப்படியே. துளசி, கேந்தி, நொச்சித் தொட்டிகளை வாசலில் வரிசையாக வைத்தால் கொசு வராது என்பதும் நடக்காது. இலையைக் கசக்கினால், கொளுத்தினால்தான் அதன் எண்ணெய் வெளியே வரும். சும்மா நிற்கிற செடி யாரையும் விரட்டாது. தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தேங்குகிற தண்ணீரில் கொசு முட்டையிடுவதுதான் மிச்சம். செடி அழகுக்கு வையுங்கள், தட்டை எடுத்துவிடுங்கள்.

டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த கொஞ்ச நேரமும் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதும்தான் அதற்கு ஜோர். நாம் விளக்கு வைத்த பிறகு போடுகிற மூட்டம் அதை ஒன்றும் செய்யாது. அது சாக்கடைக்கும் போகாது. நம் வீட்டு முற்றத்தில் நல்ல தண்ணீரில்தான் வளரும். எங்கள் பக்கத்து வீடுகளில் மிக்ஸி வந்த பிறகு கொல்லையில் தள்ளிய ஆட்டுரல் ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வடிந்த பிறகு ஒரு உரல் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நிழல் பட்டதும் நெளிந்து அடிக்குப் போகிற புழுக்கள். உரலைக் கவிழ்க்க முடியாது. மணலைப் போட்டுக் குழியை நிரப்பிவிட்டோம். தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, மாட்டுக் கழனித் தொட்டி, நாய்க்குத் தண்ணீர் வைக்கிற கிண்ணம், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதனால் வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற வழக்கத்தோடு இதையும் சேர்த்துவிட்டால் கணக்குச் சரியாக இருக்கும். கிணற்றுக்கும் பெரிய தொட்டிக்கும் கம்பூசியா மீனோ கப்பியோ விட்டால் போதும், புழுவைத் தின்றுவிடும்.

இதற்குக் கடையில் ஒரு சரக்கும் கிடையாது, ஒரு பைசா செலவும் இல்லை. எங்கள் வீட்டில் பகல் கடி குறைந்தது இதனால்தான்.

ராத்திரிக்கு வலை. கரூரில் செய்கிற நைலான் வலை டவுனிலும் ஜங்ஷனிலும் கிடைக்கிறது. பேத்தியின் தொட்டிலுக்கு ஒன்று, அத்தை கட்டிலுக்கு ஒன்று. ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருக வேண்டும், தொங்கவிட்டால் பயனில்லை. நாய் படுக்கிற இடத்தில் பழைய டேபிள் ஃபேனைத் தரையோடு வீசுகிற மாதிரி வைத்திருக்கிறேன். கொசு பலவீனமாகப் பறக்கிற பூச்சி. காற்றை எதிர்த்து வந்து உட்கார அதனால் முடியாது. பூனையும் இப்போது அங்கேதான் வந்து படுக்கிறது. பூனைக்குச் செய்யக்கூடிய நல்ல காரியம் என்று எனக்குத் தெரிந்தது இந்தக் காற்றும் ஜன்னல் வலையும்தான்.

கடையைப் பற்றி இரண்டு குறை உண்டு. பொட்டலத்தில் எந்தச் சரக்கு எவ்வளவு என்று எழுதித் தருவதில்லை; கேட்டால் வாயால் சொல்கிறார். நாலைந்து பொட்டலம் வாங்கினால் வீட்டுக்கு வந்து எது எது என்று தெரியாது. நான் பேனா கொண்டுபோய் அங்கேயே எழுதிக்கொள்கிறேன். தைலச் சீசாவின் மூடியும் சரியில்லை, பையில் கசிகிறது. மற்றபடி சரக்கு சுத்தம், விலை நியாயம், கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறார். குங்கிலியம், ஓமம், சாம்பிராணி, செக்கு வேப்பெண்ணெய் நான்குக்கும் தாராளமாகப் போகலாம். தயாராகக் கலந்த மூட்டப் பொடி நொச்சி கிடைக்காத ஊர்க்காரர்களுக்கு மட்டும்.

வாங்குவதாக இருந்தால் புரட்டாசியிலேயே வாங்கிவிடுங்கள். மழை பிடித்த பிறகு இலைச்சரக்கு ஈரம் வாங்கி உள்ளே பூசணம் கட்டிவிடுகிறது. கங்கில் போட்டால் மூட்டம் எழும்பாமல் சீறுகிறது. பொட்டலத்தைப் பிரித்து, கையில் அள்ளி, உதிர்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.